குடியானவர் இல்லாத ஜப்பான்

பிரியமுள்ள மச்சான் மாணிக்கம்,

உன் புத்தகம் அச்சாகிவிட்டது. நீ போய் ஏழு மாதம் ஆவதற்குள் வாசகசாலைச் சபை காரியத்தை முடித்துவிட்டது. உடனே சந்தோஷப்படாதே. முழுக்கக் கேள்.

அட்டையில் உன் பெயர் இருக்கிறது. கண்ணாடி போட்டுக்கொண்டால் தெரியும். அதற்கு மேலே வாசகசாலைக் காரியதரிசியின் பெயர் இருக்கிறது. அதற்குக் கண்ணாடி வேண்டாம். முதல் பதினாறு பக்கமும் வாழ்த்துப்பாக்கள். பெரும்பாலானவை காரியதரிசியை வாழ்த்துகின்றன, மிச்சம் சபையை. உன்னைப் பற்றி ஒன்று உண்டு. நீ பாற்கடலில் பள்ளிகொண்டிருக்கிறாயாம். அங்கே கொசு இல்லையென்றால் சரி. காய்ச்சலில் போனவனுக்கு வேறென்ன வேண்டும்?

நம்மை அறியாதவர்களும் இதை வாசிக்கக்கூடும். அவர்களுக்காக, உனக்குத் தெரிந்ததையே சொல்கிறேன். யோங் பெங் பக்கம் நீ டிரஸ்ஸராக மருந்து கொடுத்துவந்த ரப்பர் தோட்டத்தை ஒரு ஜப்பான் கம்பெனி வாங்கியது. லயத்து வீடுகளில் இருந்த கூலிச் சனங்கள் உன்னைக் கேட்டார்கள்: "புது துரை ஊருல நம்மள மாதிரி ஆளுங்க உண்டா ஐயா? அவங்க எப்படிப் பொழச்சாங்க?"

பதில் சொல்ல ஜப்பானைப் பற்றி ஒரு நல்ல அறிமுகப் புத்தகம் போதும் என்று நினைத்தாய். சிங்கப்பூர் பழைய புத்தகக் கடைகள் வரை போய்த் தேடினாய். வெள்ளைக்காரப் பிரயாணி எழுதியதில் பூ இருந்தது, விசிறி இருந்தது. நெல் விளைவித்தவன் இல்லை. பாதிரியார் எழுதியதில் ஜப்பானியர் எல்லோரும் இரட்சிப்புக்காக வரிசையில் நின்றார்கள். நம் தேசபக்தர் ஒருவரின் தமிழ் நூல், ருஷ்யாவை ஜெயித்ததில் தொடங்கி, ஜப்பானியர் ஆதியில் தமிழரே என்று நிறுவி, இருபது பக்கத்தில் முடிந்தது. சரித்திரத்துக்கு அதில் இடம் போதவில்லை.

கடைசியில் நீயே எழுதினாய். தோட்ட ஆபீசில் கணக்கெழுதிய ஜப்பான்காரக் கிராணியிடம் அரைகுறை மலாயில் கேட்டுக் கேட்டு ஒரு நோட்டை நிரப்பினாய். ஞாயிறுதோறும் மருந்துக் கொட்டகை வாசலில் அதைப் படித்துக் காட்டினாய். பிறகு அந்த ஒரே பிரதியை அச்சுக்கென்று கொண்டுபோய்க் காரியதரிசியிடம் கொடுத்தாய். நகல் எடுத்துக்கொண்டு கொடு என்றேனே, கேட்டாயா? "எல்லாரும் நல்லவங்கதான் மச்சான்" என்றாய். இறந்தவன்மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். யார் சொன்னது?

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம் சபைக் கமிட்டி கூடியது. காரியதரிசி உன் நோட்டில் பதினோரு பக்கத்தைக் கிழித்து எடுத்தார். பஞ்சம், அரிசி வரி, குடியானவர்கள் திரண்டு மனுக் கொடுத்தது, எல்லாம் போயிற்று. அவர் சொன்னார்:

"கூலிங்க ஒண்ணு கூடுன கதைய கூலிங்களுக்கே படிச்சுக் காட்டணுமா? தோட்டத்து துரைக்கும் புடிக்காது, கவர்மெண்டு துரைக்கும் புடிக்காது. ரெண்டு துரைக்கும் புடிக்காதது சரித்திரமா இருக்க முடியாது லா!"

எல்லோரும் சிரித்தார்கள். பதினோரு பக்கத்துக்குப் பதிலாக ஒரு வாக்கியம் வந்தது: 'அக்காலத்தில் குடிகள் மன்னரை நேசித்து இனிதே வாழ்ந்தனர்.' கிழித்த தாள்களைப் பிறகு கேட்டேன். அவர் வீட்டு அடுப்புக்குப் போய்விட்டதாம்.

நான் என்ன செய்தேன் என்கிறாயா? அவர் என் ஆபீசில் பெரிய கிராணி, எனக்கு மேலதிகாரி. நான் அச்சுப் பிழை திருத்தினேன். 'நேசித்து' என்பதில் ஒரு புள்ளி விடுபட்டிருந்தது, கவனமாக வைத்தேன். உள்பக்கத்தில் 'பிழை திருத்தியவர்' என்று என் பெயரும் இருக்கிறது.

அச்சான கட்டுகள் நம் வீட்டுக்குத்தான் வந்தன. உன் தங்கை தனம் ஒன்றைப் பிரித்துக் கடைசிவரை படித்தாள்.

"அண்ணன் எழுதினதுல பஞ்சத்தக் காணோமே? நீங்கதானே பிழை பாத்தீங்க?"

"எழுத்துப் பிழை மட்டும்தான் பார்த்தேன்."

"நல்லாப் பாத்தீங்க. ஆளையே காணோம். புள்ளி மட்டும் எடத்துல இருக்கு."

போன ஞாயிறு புத்தகத்தோடு உன் தோட்டத்துக்குப் போனேன். கொட்டகை வாசலில் உட்கார்ந்து வாசித்தேன். 'இனிதே வாழ்ந்தனர்' என்றதும் ரப்பர் பால்வெட்டுக்கார அஞ்சலை கையை நீட்டி நிறுத்தினாள்.

"யாரு இனிதே வாழ்ந்தா? புல்லு வேர தின்னாங்கன்னு டிரஸ்ஸர் ஐயா சொன்னாரே. மனு எழுதி, பேர வட்டமாச் சுத்தி எழுதுனாங்களாம், மொத ஆளு யாருன்னு துரைக்குத் தெரியக் கூடாதுன்னு. ஐயா குடைய விரிச்சு, கம்பிக்கு ஒரு பேருன்னு காட்டுனாரு. அது எங்கிட்டுப் போச்சு?"

"அச்சில் விட்டுப்போச்சு" என்றேன்.

"தானா விட்டுப்போச்சா, விட்டுட்டீங்களா?"

பென்சிலை எடுத்தேன். ஆளுக்கு ஆள் சொன்னார்கள், சண்டை போட்டார்கள், ஒருவர் சொன்னதை மற்றவர் திருத்தினார்கள். இருட்டும் வரை எழுதியும் நாலு பக்கம்தான் தேறியது. மற்ற ஏழு பக்கத்தில் என்ன எழுதியிருந்தாய்? அங்கே யாருக்கும் நினைவில்லை. நீ நோட்டை வாசித்துக் காட்டிய காலத்தில் எனக்கும் அது தெரியும், நானும் மறந்துவிட்டேன்.

நம் புத்தகங்களின் கடைசியில் பிழைதிருத்தம் என்று ஒரு தாள் ஒட்டுவது வழக்கமல்லவா? அதை உனக்காகச் செய்யப்போகிறேன், சத்தியம். முப்பத்தோராம் பக்கம், ஐந்தாம் வரி: 'இனிதே வாழ்ந்தனர்' என்பதைக் கீழ்க்கண்டவாறு திருத்தி வாசிக்கவும் என்று போட்டு, அந்த நாலு பக்கமும் வரும். அதன் கீழே ஒரு குறிப்பு: 'இன்னும் ஏழு பக்கம் உண்டு. பிழை திருத்தியவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவை அழிந்தன.' என் முழுப் பெயரையும் அதில் போடுகிறேன்.

தனம் மரவள்ளி மாவில் பசை காய்ச்சிவிட்டாள். ஒட்டிய முதல் பிரதி திங்கட்கிழமை பெரிய கிராணியின் மேசையில் இருக்கும். என் உத்தியோகம் செவ்வாய்க்கிழமை எங்கே இருக்கும் என்று தெரியவில்லை.

இப்படிக்கு,
உன் தங்கையைக் கட்டியவன்,
சுப்பையா