சிவன்மலையில் நின்ற காரும் கிளிப்பச்சைத் துணியும்

முருகன் துணை

அருள்புரம்,
நவம்பர் 6, வியாழன்.

அன்புள்ள கண்ணு மதுமதிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். அந்த ஸ்வீடன் குளிரில் உனக்கும் மாப்பிள்ளை நிதிஷுக்கும் ஒரு தும்மல்கூட வரக்கூடாது என்று விளக்கு வைக்கும்போதெல்லாம் அம்மா வேண்டிக்கொள்கிறாள். வாரம் தவறாமல் போனில் முகம் பார்த்துப் பேசுகிற அப்பா இப்போது எதற்குக் காகிதத்தைத் தேடி எடுத்தார் என்று உனக்குத் தோன்றும். போனில் சொல்ல மூன்று தடவை வாயெடுத்தேன், மூன்று தடவையும் சாப்பிட்டாயா, பனி கொட்டுகிறதா என்று கேட்டுவிட்டு அம்மா கையில் கொடுத்துவிட்டேன். தீபாவளிக்கு ஊருக்குப் போன ஆட்களில் பாதிப்பேர் இன்னும் திரும்பவில்லை, கம்பெனியில் பதினாறு நிட்டிங் மெஷினில் எட்டுதான் ஓடுகிறது, அதனால் எனக்கும் சாயங்காலம் சீக்கிரம் வீடு திரும்ப முடிகிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, நீ அனுப்பிய பட்டையைப் போட்டுக்கொள் என்றால் வெளிநாட்டுச் சாமான் அழுக்காகிவிடும் என்று பீரோவில் பூட்டி வைத்திருக்கிறாள், நீதான் அதட்ட வேண்டும். மாடியில் குடியிருக்கும் கீதாஞ்சலி உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். இப்படியே ஊர்க்கதை எழுதிக்கொண்டு போனால் சொல்ல வந்ததை விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுவேன், என் புத்தி எனக்குத் தெரியும்.

போன வாரத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பேசும்போது நீ ஒன்று சொன்னாய். உங்கள் ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலையை விட்டு இன்ஜின் சோதனை செய்யும் ஷெட்டுக்கு வருகிறாயா என்று உன்னைக் கேட்டிருக்கிறார்கள், இருபதாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும், வேண்டாம் என்றுதான் சொல்லப் போகிறேன் என்றாய். ஏன் கண்ணு என்றதற்குச் சிரித்துக்கொண்டே, "எனக்குத்தான் கை ராசி இல்லீங்களேப்பா, சிவன்மலையில பாத்தீங்கல்ல" என்றாய். நீ சிரித்தாய், நான் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். எட்டு வருஷமாக அதை நீ உன் தலைமேல் சுமந்துகொண்டிருக்கிறாய் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அந்த வண்டி நின்றது உன் கையால் இல்லை சாமி. என் கையால்.

முழுவதையும் சொல்லிவிடுகிறேன். நீ காலேஜில் கடைசி வருஷம் படிக்கும்போது நம் சின்ன காரின் த்ராட்டில் பாடியை மாற்றிப் பெரிது போட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாய். இன்ஜினுக்குக் காற்று போகிற வாய் அதுதான், பெடலை மிதித்தால் உள்ளே இருக்கும் தட்டு திறக்கும், வாய் கொஞ்சம் அகலமானால் வண்டி மிதித்ததும் முன்னால் வரும் என்று எனக்கே பாடம் எடுத்தாய். உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் இரண்டு சனிக்கிழமை அலைந்து ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தாய், பழைய குழாயோடு அது சேர்வதற்கு அளவெடுத்துப் பல்லடம் லேத் பட்டறையில் ஒரு தட்டு செய்யக் கொடுத்தாய். அந்தச் சனிக்கிழமை காலையில் பழையதைக் கழற்றி வைத்துவிட்டு அந்தத் தட்டை வாங்கிவரப் போனாய் பார், அப்போது நான் வண்டிப் பக்கம் வந்தேன். இன்ஜினுக்குள் போகும் குழாய் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. முப்பது வருஷம் நிட்டிங் மெஷின் ஃபிட்டராக இருந்தவனுக்குத் திறந்த ஓட்டையைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. எங்கள் கம்பெனியில் எதைக் கழற்றினாலும் பஞ்சு விழாமலிருக்க ஒரு பிடி பனியன் வேஸ்ட் துணியை அடைத்துவிட்டுத்தான் அடுத்த வேலை. என் பாக்கெட்டில் துணி இருந்தது, அடைத்தேன். அரைகுறையாக அடைத்தால் விழுந்துவிடும் என்று விரல் போகிற மட்டும் உள்ளே தள்ளினேன். நீ வந்ததும் சொல்லலாம் என்று நின்றேன், அதற்குள் பதினான்காம் நம்பர் மெஷின் நின்றுவிட்டது என்று கம்பெனியிலிருந்து போன் வந்தது, ஓடிவிட்டேன், அதோடு மறந்தேன். எத்தனை துணி அடைத்தோமோ அத்தனையும் எடுத்தோமா என்று எண்ணிப் பார்க்காமல் மெஷினை மூடக்கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன் நான்.

மறுநாள் உன் மாமன் குமரனையும் அத்தையையும் ஏற்றிக்கொண்டு நாம் மூன்று பேரும் சிவன்மலைக்குப் போனோம். சமதளத்தில் வண்டி ஒன்றும் சொல்லவில்லை. மலைப்பாதையில் இரண்டாவது திருப்பத்தில் நீ அழுத்தி மிதித்ததும் இழுவை செத்து அப்படியே நின்றது, ஸ்டார்ட் செய்தால் உறுமும், மிதித்தால் நிற்கும். பின்னால் பஸ்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை, மொட்டை போட வந்த கூட்டம் வேடிக்கை பார்த்தது. மாமன் இறங்கி வந்து, பொட்டப் புள்ளைக்கு எதுக்குங்க மாப்ள ஸ்பேனர் என்றார். அவர் சொன்னதுகூடப் பெரிதில்லை. நான் அத்தனை பேர் முன்னால், "இனி நீ வண்டி மேல கை வெச்சீன்னா கைய ஒடச்சுப்போடுவேன்" என்றேன். நீ கிரீஸ் ஒட்டிய கையைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டு நின்றாய். அந்தக் கை இன்றைக்கும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

நீ திங்கட்கிழமை ஹாஸ்டலுக்குப் போய்விட்டாய். செவ்வாய்க்கிழமை பழைய பாகத்தையே மாட்டலாம் என்று உன்னுடையதைக் கழற்றினேன். குழாய்க்குள் ஒரு நூல் தொங்கியது, மூக்குக் குறடால் பிடித்து இழுத்தேன், கிளிப்பச்சைத் துணி வந்தது. அந்த வாரம் பதினான்காம் மெஷினில் ஓடிய கலர் அது, வேறு யார் கையிலிருந்தும் வந்திருக்க வழியில்லை. அதை எடுத்த பிறகு உன்னுடைய பெரிய வாயையே திரும்ப மாட்டியிருந்தாலும் வண்டி ஓடியிருக்கும், அது எனக்கு அந்த நிமிஷமே தெரியும் கண்ணு. தெரிந்தும் பழையதை மாட்டினேன். வண்டி ஜோராக ஓடியது. பார்த்தீங்களா, அந்தப் பெரிய சாமான்தான் கோளாறு என்று உன் மாமன் சொன்னார், நான் ஆமாங்க என்று தலையாட்டினேன். அந்த வெள்ளிக்கிழமை நம் வீதி முருகன் கோயிலில் பூக் கேட்டேன். வெள்ளைப் பூ மடித்த பொட்டலம் வந்தால் உன்னிடம் சொல்லிவிடுவது, சிவப்பு வந்தால் விட்டுவிடுவது. வெள்ளைதான் வந்தது. பொட்டலத்தைச் சரியாக மடிக்கவில்லை என்று நானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு இன்னொரு தடவை கேட்டேன், சிவப்பு வந்தது, அதைச் சாமி உத்தரவு என்று எடுத்துக்கொண்டு வீடு வந்தேன். என் மாதிரி ஒரு திருட்டு பக்தனை முருகன் பார்த்திருக்க மாட்டார். அடுத்த மாதமே பூனாவில் இன்ஜின் கம்பெனியில் உனக்குக் கிடைத்த வேலையை நீயே வேண்டாம் என்றாய். ஏன் என்று எல்லோரும் கேட்டார்கள், நான் கேட்கவில்லை. காரணம் எனக்குத் தெரியும் என்பதால் கேட்கவில்லை.

அந்தத் துணியைத் தூக்கிப் போடவும் மனம் வரவில்லை, மெஷின் ஊசி வருகிற தகர டப்பாவுக்குள் போட்டு இத்தனை வருஷம் வைத்திருந்தேன். இந்த ஆடியில் எங்களோடு வேலை செய்யும் காசிமாயன், மதுரைப் பக்கத்து ஆள், ஒரு மெஷின் காற்றுக் குழாயில் துணியை விட்டுவிட்டான். எவன்டா அது என்று நான் கத்திக்கொண்டிருக்கும்போதே கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, நாந்தாண்ணே அடச்சேன், மறந்துட்டேன் என்றான். அவ்வளவுதான் விஷயம், அரை நிமிஷத்தில் முடிந்தது. எனக்கு மட்டும் எட்டு வருஷம் ஆகியும் அந்த அரை நிமிஷம் வாய்க்கவில்லை.

நீ போனில் அப்படிச் சொன்ன மறுநாள் அம்மாவிடம் டப்பாவைத் திறந்து காட்டிச் சொல்லிவிட்டேன். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். துணியை விரித்துப் பார்த்தாள், திரும்ப மடித்தாள், "எம் பொண்ணு தலையக் குனிஞ்சு நின்னதப் பாத்துட்டு எப்படீங்க இத்தன நாளு சோறு தின்னீங்க" என்று கேட்டாள். அதன் பிறகு அந்த வாரம் முழுக்கப் பேச்சில்லை, தட்டில் சாப்பாடு மட்டும் வந்தது. சனிக்கிழமை பரணில் சாக்கில் சுற்றிவைத்திருந்த உன் த்ராட்டில் பாடியை இறக்கிக் கழுவினேன், லேத் தட்டில் நீ பென்சிலால் போட்ட குறிகூட அழியவில்லை, புது கேஸ்கெட் வைத்து நானே மாட்டினேன். இந்த முறை குழாய்க்குள் டார்ச் அடித்து மூன்று தடவை பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை உன் மாமனையும் அத்தையையும் வரச் சொல்லி, அதே ஆட்களோடு அதே சிவன்மலைக்குப் போனோம். அந்த இரண்டாவது திருப்பத்தில் நன்றாக மிதித்தேன். வண்டி மூச்சு வாங்காமல் ஏறியது கண்ணு, நீ சொன்னது போலவே மிதித்ததும் முன்னால் வந்தது. மேலே கொஞ்சம் தள்ளி ஓரமாக நிறுத்தி, ஏனுங்க மச்சான், இது அன்றைக்கு மது மாட்டிய அதே சாமான்தான், நின்றது என் துணியால், அவளுக்கு எல்லாம் எழுதப் போகிறேன் என்று சொன்னேன். உன் மாமன் கண்ணாடியை இறக்கி அந்தத் திருப்பத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "நான் சொன்ன சொல்லையும் சேத்து எழுதிப்போடுங்க மாப்ள, புள்ள வந்தா நானே நேர்ல மன்னிப்புக் கேட்டுக்கறேன்" என்றார். அம்மா அப்போதுதான் என்னோடு பேசினாள், வண்டியை எடுங்க, நடை சாத்திவிடுவார்கள் என்றாள்.

உன் மன்னிப்பைக் கேட்கிற தகுதி எனக்கு இருக்கிறதா தெரியவில்லை, ஆனாலும் கேட்கிறேன். போனில் என்னை நன்றாகத் திட்டு, வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொள்வேன். ஒன்று மட்டும் பார், இருபதாம் தேதிக்குள் அந்த ஷெட்டுக்குப் போவதா வேண்டாமா என்று நீ முடிவு செய். உனக்குப் பிடிக்கவில்லை என்றால் வேண்டாம் என்று சொல், அது உன் இஷ்டம். கை ராசி இல்லை என்று மட்டும் சொல்லாதே, அது பொய், அந்தப் பொய்யைச் சொன்னவன் நான். அங்கே போனால் கைக்கு உறை போட்டுக்கொள், கூந்தலை முடிந்துகொள், காலையில் சாப்பிடாமல் போகாதே. கூரியர் ஐந்து நாளில் வந்துவிடும் என்றார்கள், வந்ததும் அம்மாவுக்கு ஒரு வார்த்தை சொல், முழங்கால் பட்டை விஷயமும் மறக்காதே. மாப்பிள்ளையிடம் இந்தக் கடிதத்தை மறைக்க வேண்டாம், அவரும் படிக்கட்டும். நீங்கள் இரண்டு பேரும் நூறு வருஷம் நோய் நொடி இல்லாமல் இருக்க எங்கள் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன் அப்பா,
அ. சென்னியப்பன்.

பின்குறிப்பு: கவருக்குள் அந்தக் கிளிப்பச்சைத் துணியை வைத்திருக்கிறேன். புது ஷெட்டில் யாராவது இது என்ன என்று கேட்டால், எங்கள் அப்பாவின் கைவேலை என்று சொல்.