கீழறையின் மேற்குச் சுவர்

பிப்ரவரி 4

இன்றும் அந்தச் சுவர் இல்லை. நேற்று மாலை அலுவலகத்தை விட்டுக் கிளம்பும்போது நின்றுகொண்டிருந்தது. காலையில் கோப்பைத் திறந்தால் அம்மாவின் அறைக்கு மூன்று பக்கம்தான் இருக்கிறது. மேற்குச் சுவரைக் காணோம்.

ஒரு சுவர்தானே என்று விடவும் முடியாது. நான்கு பக்கமும் மூடினால்தான் இந்த மென்பொருள் அதை அறை என்று ஒப்புக்கொள்ளும். இல்லாவிட்டால் தரை கிடையாது, மேல்தளம் கிடையாது. மாடியில் அண்ணனின் படுக்கையறை அந்தரத்தில் தொங்குகிறது. படிக்கட்டு வேறு கோபித்துக்கொண்டு சிவப்புக் கோடாகிவிட்டது.

மறுபடி வரைந்தேன். மூலைகளைப் பெரிதாக்கிப் பார்த்து, மயிரிழை இடைவெளிகூட இல்லாமல் சேர்த்தேன். பத்து வருஷமாக ஊரார் வீட்டையெல்லாம் வரைகிறேன். எந்தச் சுவரும் என்னை இப்படிப் படுத்தியதில்லை. சொந்த அண்ணன் வீடு என்றதும் கம்ப்யூட்டருக்குக்கூட இளக்காரம்.

பிப்ரவரி 6

மென்பொருள் கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். எதைச் சொன்னாலும் "ஒரு தடவ ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க மேடம்" என்பார் அங்கே போனை எடுப்பவர். எங்கள் அலுவலகத்தில் அவருக்குப் பெயரே ரீஸ்டார்ட்தான். இன்றும் அதையே சொன்னார். இன்றும் செய்தேன்.

மதியம் வரை நின்றது. சாப்பிட்டுவிட்டு வந்தால் இல்லை.

பிப்ரவரி 7

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா கேட்கும் முதல் கேள்வி, "இன்னிக்காவது நின்னுச்சா?"

நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி. லிஃப்ட் இல்லை. இடுப்பு ஆபரேஷன் முடிந்து மேலே தூக்கி வந்ததோடு சரி, அம்மா தெருவை மிதிக்கவில்லை. ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு கீழே போகிறவர்களின் உச்சந்தலையைப் பார்க்கிறாள். "யாருக்கும் முகமே இல்லடி" என்றாள் ஒருநாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அண்ணன் வீடு கட்டப்போகிறேன் என்றதும் முதலில் சொன்னது இதைத்தான். "அம்மாவுக்குக் கீழயே ஒரு ரூம் போட்டுடு. வாசல்ல படி வேணாம், சாய்வா பாதை வச்சிடு. அவங்களே நடந்து வெளிய போகட்டும்." அன்றிலிருந்து அம்மா அந்த அறையில்தான் இருக்கிறாள். கட்டில் எந்தப் பக்கம், மருந்துப் பெட்டி எங்கே, எல்லாம் முடிவாகிவிட்டது. சுவர் மட்டும்தான் பாக்கி.

பிப்ரவரி 11

தெரிந்த வித்தை எல்லாம் தீர்ந்தது. வரைபடத்தின் வேறு அடுக்கில் ஒளிந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். தேவையில்லாததைத் துடைத்தேன். வீடு முழுவதையும் புதுக் கோப்புக்கு நகலெடுத்து, பழையபடி எல்லோருக்கும் பகிர்ந்தேன். எதிர் மேசைக்காரி வந்து எட்டிப் பார்த்து, "சுவரப் பூட்டி வச்சிடேன், நகராது" என்றாள். பூட்டினேன்.

சாயங்காலம் பூட்டு திறந்து கிடந்தது. சுவர் இல்லை. வாசலின் சாய்வு பாதையும் இல்லை.

பூட்டு தானாகத் திறக்குமா? திறக்கிறதே.

பிப்ரவரி 14

நின்றது! நேற்றும் நின்றது, இன்றும் நின்றது. புதுக் கோப்புதான் காப்பாற்றியிருக்கிறது. அண்ணன் வேலையாக வெளியூர் போயிருக்கிறான். வந்ததும் முழு வீட்டையும் சுற்றிக் காட்ட வேண்டும்.

அம்மா இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டாள்.

பிப்ரவரி 18

போச்சு.

எனக்கு இந்த வேலையே தெரியாதோ என்று சந்தேகம் வந்துவிட்டது. மாதக் கடைசிக்குள் வரைபடம் கைக்கு வராவிட்டால் ஆட்களை வேறு இடத்துக்கு அனுப்பிவிடுவேன் என்கிறார் மேஸ்திரி. அண்ணனிடம் சொன்னேன், சுவர் நிற்க மாட்டேன் என்கிறது, என்ன செய்வதென்றே புரியவில்லை என்று. "ரொம்பக் கஷ்டமா இருந்தா அந்த ரூம விட்டுடேன்" என்றான்.

என் மேல் எவ்வளவு கரிசனம் என்று நினைத்துக்கொண்டேன். "அதெல்லாம் இல்லண்ணா, சரி பண்ணிடறேன்" என்றேன்.

"கம்ப்யூட்டரையே மாத்தேன்டி" என்கிறாள் அம்மா.

பிப்ரவரி 20



மதியம் சாப்பிடப் போகவில்லை. இன்று கண்ணெதிரே போகட்டும், பார்க்கிறேன் என்று திரையின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். அம்மாவின் அறை பக்கத்தில் சின்னதாக ஒரு நீல அம்பு வந்தது. என்னுடையது இல்லை. என் கையில் டீ டம்ளர் இருந்தது. அம்பு மேற்குச் சுவரின் மேல் வந்து நின்றது. பூட்டு திறந்தது. சுவர் நீலமாகி, இல்லாமல் போனது. அம்பின் வாலில் நான் வைத்த பெயர் — அண்ணா.

சோபாவை நகர்த்திப் பார்க்கணும் என்று கேட்டான். அதனால் பார்க்க மட்டும் என்று கொடுக்காமல் திருத்தவும் அனுமதி கொடுத்திருந்தேன். கொடுத்தது ஞாபகம் இருந்தது. அவன் இதற்குப் பயன்படுத்துவான் என்று எப்படித் தோன்றும்?

சுவரைத் திரும்ப வைத்தேன். அழித்தான். வைத்தேன். அழித்தான். வைத்தேன். இந்த முறை அம்பு நகரவில்லை. அப்போதுதான் அவனுக்கும் உறைத்திருக்க வேண்டும், இந்தப் பக்கம் நான் இருக்கிறேன் என்று. போன் செய்தேன். எடுக்கவில்லை. மணி அடித்து ஓயும்வரை அம்பு அங்கேயே நின்றது, பிறகு போய்விட்டது.

ஏன்டா, வாயத் திறந்து சொல்ல மாட்டியா? வேணாம்னு ஒரு வார்த்த? நான் பைத்தியக்காரி மாதிரி ரீஸ்டார்ட் பண்ணிட்டு இருக்கேன் — எல்லாத்தையும் நீ பார்த்துக்கிட்டேதானே இருந்த?

பிப்ரவரி 21

அவன் பேசவில்லை. அண்ணிதான் பேசினாள்.

"கார் வெயில்ல நிக்குதுன்னுதான் ஆரம்பிச்சாரு. அப்புறம், அத்தை வந்தா பகல்ல யாரு பார்த்துக்கறதுன்னு... எனக்கும் வேலைக்குப் போகணும். நான் வேணாம்னு சொல்லல. வேணும்னும் சொல்லல, அதையும் சொல்லிடறேன். உன்கிட்ட சொல்ல அவருக்கு வாய் வரல. நீயே புரிஞ்சுப்பேன்னு நினைச்சாராம்."

சண்டை போட ஒரு மூட்டை வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். போனை வைத்துவிட்டேன். திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். அவனுடைய அனுமதியை எடுத்துவிட்டால் போதும், சுவர் நின்றுவிடும். மேஸ்திரியும் கட்டிவிடுவார். அந்த அறைக்குள் அம்மாவுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் யார் கொண்டு வருவார்கள்? வேண்டாத இடத்தில் அவளைப் படுக்க வைக்க நான் ஏன் சுவர் வைக்க வேண்டும்?

இதற்கு எந்த எண்ணுக்குப் போன் செய்வது?

பிப்ரவரி 24

அறையை எடுத்தேன். நான்கு சுவர்களையும் நானே. அந்த இடத்தில் இரண்டு தூண் வைத்து, கார் நிறுத்தும் இடம் என்று எழுதினேன். வாசலில் நான்கு படி. மென்பொருள் ஒரு குறையும் சொல்லவில்லை. மேல்தளம் உட்கார்ந்தது, படிக்கட்டு சேர்ந்தது, ஒரு சிவப்புக் கோடுகூட இல்லை. பாவி, இவ்வளவு சமர்த்தாக இருக்கத் தெரிந்திருக்கிறது அதற்கு.

பிப்ரவரி 25

அம்மாவிடம் சொல்ல உட்கார்ந்தேன். "அம்மா, அந்தக் கீழ் ரூம்..." என்று ஆரம்பித்ததுமே அவள் கேட்டாள்.

"என்ன, கடைசிவரைக்கும் நிக்கலையா?"

ஒரு நிமிஷம். ஒரே நிமிஷம்தான் யோசித்தேன்.

"நிக்கல. என்னால சரி பண்ண முடியலம்மா."

அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இத்தன வருஷமா இதே வேலைதான பார்க்கற? ஒரு சுவர நிக்க வைக்கத் தெரியலயே உனக்கு" என்றாள். திட்டவில்லை. அதிசயப்பட்டாள், அவ்வளவுதான். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பிப்ரவரி 28

வரைபடம் அனுப்பியாயிற்று. அண்ணனிடமிருந்து ஒரு கட்டைவிரல் படம் வந்தது.

மே 16

இப்போதெல்லாம் அம்மா ஜன்னல் பக்கம் போவதில்லை.

நவம்பர் 9

இன்று அண்ணன் புது வீட்டுக்குக் குடிபோனான். அம்மாவை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து இரண்டு பேர் கீழே இறக்கினார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் கண்ணை மூடிக்கொண்டாள்.

அங்கே வாசலில் நான்கு படி. "மறுபடியும் தூக்காதீங்கப்பா, தலை சுத்துது" என்றாள். காரைத் தெருவில் நிறுத்திவிட்டு, அது நிற்கும் இடத்தில் நாற்காலியைப் போட்டார்கள். எல்லோரும் உள்ளே போனார்கள். நான் அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். மேற்கிலிருந்து காற்று நன்றாக வந்தது. தெருவில் போகிறவர்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்து வீட்டு அம்மாள் ஒருத்தி வந்து, "நீங்களும் இங்கதான் இருக்கப் போறீங்களா?" என்று கேட்டாள்.

"இருந்திருக்கணும்" என்றாள் அம்மா. "எனக்குன்னு இங்க ஒரு ரூம் போடச் சொன்னான் என் பையன். இவளுக்குத்தான் கம்ப்யூட்டர்ல அத நிக்க வைக்கத் தெரியல."

அண்ணன் அம்மாவுக்குத் தண்ணீர் கொண்டுவந்து பின்னால் நின்றிருந்தான். என்னைப் பார்த்தான். இப்போதாவது சொல்லுவான் என்று நினைத்தேன். நிஜமாகவே நினைத்தேன். டம்ளரை அம்மா கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனான்.

அவன் போவதைப் பார்த்துக்கொண்டே அம்மா மெதுவாகச் சொன்னாள்: "பாவம்டி அவன். எவ்வளவு ஆசையா கேட்டான் உன்கிட்ட."

"ஆமாம்மா" என்றேன்.