புறப்படும் இடம்

ஆகஸ்ட் 22, வெள்ளி

நாளை அமாவாசை. நண்டில் சதை பிடித்திருக்கிறது. பௌர்ணமி நண்டை உடைத்தால் வெறும் ஓடுதான். கொச்சி வியாபாரி தோமாச்சன் உயிர் நண்டு வாங்குவதே அமாவாசைக்கு அமாவாசைதான். காசியம்மாக்காவும் ஏழு பெண்களும் விடிந்ததிலிருந்து எங்கள் காரைக்கால் கொட்டகையில் கொடுக்குகளைச் சணலால் கட்டி ஈரச்சாக்கில் அடுக்கினார்கள். எனக்குக் கட்ட வராது. போன வருஷம் கட்டு அவிழ்ந்த நண்டு ஒன்று விரலைக் கடித்ததிலிருந்து கிட்டே போவதே இல்லை. என் வேலை காகிதம். மீன்வளத்துறைச் சான்றிதழ்ப் படிவத்தை நிரப்பி முத்திரை வாங்கிவந்தேன். மதியம் நூருல் அமீன் அண்ணன் வண்டியை எடுத்தார்.

ஆகஸ்ட் 23

கேரள எல்லைச் சாவடியில் வண்டி நிற்கிறது. வரி பாக்கியில்லை, நண்டுக்குத் தடையுமில்லை. காகிதம் சந்தேகமாம்.

அண்ணன் போனில் சொன்னார்: "புதுச்சேரியிலேருந்து வர்றவன் ஏன் தஞ்சாவூர் வழியா வந்தேன்னு கேக்குறாங்கம்மா. காரைக்கால்ல ஏத்துனேன்னா நம்ப மாட்டேங்குறாங்க."

மூன்று பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல், நடுவில் நாங்கள் புதுச்சேரி. இதை எந்தச் சாவடியில் போய் விளக்குவது? அங்கே உட்கார்ந்திருக்கிறவனுக்கு மனசாட்சியே கிடையாதா?

ஆகஸ்ட் 24

பதினெட்டு மணி நேரம் கழித்துத்தான் வண்டியை விட்டார்கள். நண்டு பாதிக்கு மேல் செத்துவிட்டது. "அடுத்த அமாவாசையும் இப்படின்னா நான் வேற ஊரு பார்த்துக்கறேன்" என்றார் தோமாச்சன். அவர் போனால் கொட்டகையை மூட வேண்டியதுதான். எட்டுப் பேருக்கும் வேலை இல்லை.

ஆகஸ்ட் 26

அண்ணன் காகிதங்களைத் திருப்பிக் கொடுத்தார். அதிகாரியை நான் திட்டியதும் தடுத்தார். "அவரு நல்ல மனுஷன்ம்மா. சாக்கை நனைக்கக் குழாயத் தொறந்துவிட்டு, அவரே பக்கெட் தூக்குனாரு. எழுதியிருக்கறத மீறி நான் என்ன செய்யன்னாரு."

அப்படி என்ன எழுதியிருக்கிறது? பார்த்தேன்.

புறப்படும் இடம்: புதுச்சேரி.

என் கையெழுத்து. பள்ளிக்கூட நாளிலிருந்து எந்தப் படிவத்தைக் கண்டாலும் புதுச்சேரி என்று எழுதிப் பழகிய கை. நூற்று முப்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கிற ஊர்! முத்திரை குத்தியவரும் இந்த ஊர்க்காரர்தான், அவர் கண்ணுக்கும் படவில்லை. ஐயோ, நானே கொன்றேனே அத்தனை நண்டையும்.

செப்டம்பர் 3

காசியம்மாக்கா அந்த அதிகாரியைச் சபித்து மண்ணை வாரித் தூற்றினார். நானும் தலையாட்டினேன். சே, என்ன பிழைப்பு இது?

செப்டம்பர் 19, வெள்ளி

இன்று மறுபடி ஏற்றினோம். அதற்கு முன்னால், படிவத்தில் தப்பாக எழுதியது நான்தான் என்று எல்லார் எதிரிலும் சொல்லிவிட்டேன். காசியம்மாக்கா முடிச்சை இறுக்கிவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"போன வருஷம் உன் வெரலக் கடிச்ச நண்டு யாரு கட்டுனது? நான். நீ யாருகிட்டயாச்சும் சொன்னியா? போ, போயி ஒழுங்கா எழுது."

அழுதுவிட்டேன்.

செப்டம்பர் 20

பதினொரு நிமிஷத்தில் விட்டுவிட்டார்கள். அதே அதிகாரி. "இந்தத் தடவை நண்டுக்கு உயிர் இருக்கா?" என்று கேட்டாராம்.

அக்டோபர் 17

தீபாவளி அமாவாசை லோடு. படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். காசியம்மாக்கா வந்து பக்கத்தில் நின்றார். அவருக்குப் படிக்கத் தெரியாது.

"இதுல நம்ம ஊரு எதுடி?"

காட்டினேன். ஈரக்கையோடு தொட்டுப் பார்த்தார். மை கலைந்துவிட்டது. வேறு படிவம் எடுத்து முதலிலிருந்து எழுதினேன்.