சத்தமில்லாமல் வந்த கார்

செவ்வாய், இரவு.

என் ஹைப்ரிட் கார் துடியலூர் வீடு வரை பேட்டரியிலேயே ஓடியது, இன்ஜின் எழவே இல்லை. அதனால் நான் வாசலில் வந்து நின்றது ஓரகத்தி சாந்திக்குத் தெரியவில்லை. என் மகளுக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளை வீட்டாரிடம் போனில் அவளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள்.

"கவிதாவுக்கு வலிப்பு வருமுங்க. நான் சொன்னேன்னு சொல்லிப்போடாதீங்க."

பச்சைப் பொய்.

திரும்பியவள் வெளிறிப்போனாள். "ஏனுங்கக்கா, வந்த சத்தமே கேக்கலீங்களே?"

"சார்ஜ்ல ஓடினா சத்தம் வராது கண்ணு. நாளைக்குப் பவானி கோயிலுக்குப் போறப்ப நீ முன்னாடி உக்காந்துக்க" என்று சிரித்தேன். காரைச் சார்ஜில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தேன்.

பின் சீட்டில் அவள் புருஷனும் மாமியாரும் இருப்பார்கள். பாதி வழியில் சார்ஜ் தீர்ந்தாலும் வண்டி பெட்ரோலுக்கு மாறிக்கொள்ளும், எங்கும் நிற்க வேண்டியதில்லை. அவர்கள் முன்னால் இந்தப் பொய்யைப் பற்றி நான் கேட்டு முடிக்கும்வரை அவள் இறங்க முடியாது.