பாவாவின் செல்

எங்கே மிதந்துகொண்டிருக்கிறீர்களோ, அங்கே இருக்கும் எங்கள் அன்பான பாவாவுக்கு, அதாவது என் அக்கா வீட்டுக்காரருக்கு,

போன வாரம் உங்கள் செல் கிடைத்துவிட்டது என்று ஊரெல்லாம் பேச்சு. கிளப்பியவன் நான்தான்.

காசநோய்க்கு மருந்து சாப்பிட்டபோது சென்னையில் ஓர் ஆராய்ச்சிக்கு ரத்தம் கொடுத்தீர்களே, அங்கிருந்து ஒரு பெண் போன் செய்தார். "சாரோட செல் எங்ககிட்ட பத்திரமா இருக்குங்க. வீட்டுக்கு வந்து பேசணும்." அரக்கோணம் ரயிலில் தூங்கிப்போய்த் தொலைத்தீர்களே, அந்த செல்தான் என்று முடிவுகட்டி, அக்காவிடமும் பஸ் ஸ்டாண்டு டீக்கடையிலும் சொல்லிவிட்டேன்.

அந்தப் பெண் வந்தபோது அக்கா கையில் உங்கள் சார்ஜரோடு உட்கார்ந்திருந்தாள். நீங்கள் கண்ணை மூடி இரண்டு வருஷம். இத்தனை நாள் அதை எங்கே வைத்திருந்தாள், பாவா?

"போன் இல்லீங்கம்மா. ரத்தத்துல இருக்கற செல். நோயோட சண்ட போடுமே, அந்த அணு."

"ஏன்டா, டீக்கடை வரைக்கும் சொல்லிகினு வந்தியே!" என்று அக்கா என்னை முறைத்தாள்.

இப்போது புது மெஷின் வந்திருக்கிறதாம். ஒவ்வோர் அணுவையும் தனியாக நிறுத்தி, ஒரே நேரத்தில் பத்துப் பன்னிரண்டு கேள்வி கேட்குமாம். அந்தத் திறமை இந்தத் திருத்தணியில் எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். உங்களை அதில் விட அக்கா கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் அழித்துவிடுவார்கள்.

முன்பு எடுத்த படம் ஒன்றைக் காட்டினார். நிறநிறமாய்ப் புள்ளிகள். ஒவ்வொன்றும் உங்கள் அணு ஒன்று. ஒரே குணமுள்ளவை கூடிக் கூடி நின்றன. ஆடிக் கிருத்திகையன்று மலைக்குக் கீழே சாலையிலிருந்து பார்த்தால் படிகளில் காவடிகள் மிதந்து ஏறுமே, அப்படி. நீங்கள் ஒருவரே அத்தனை கூட்டமாக ஏறிக்கொண்டிருந்தீர்கள். அக்காவின் ரசத்தைக் குறை சொன்னது அதில் எந்தப் புள்ளி?

அக்கா ஒரு புள்ளியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கேட்டாள். "உயிரோடவா கீது?"

"ஆமாம்மா. உறைஞ்சு கிடக்குது. எடுத்து சூடு காட்டினா முழிச்சுக்கும்."

"முழிச்சதும் நோவ காட்டி சண்ட போடச் சொல்லுவீங்களா?"

"ஆங்."

"போடுவாரு. எங்கிட்ட போடாத சண்டயா!" சிரித்தாள், கண்ணைத் துடைத்தாள், கையெழுத்துப் போட்டாள்.

சார்ஜர் மறுபடி அரிசி டப்பாவுக்குப் பின்னால் போய்விட்டது. ஆம், இடத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். ஆனால் இதை மட்டும் யாரிடமும் சொல்ல மாட்டேன் பாவா, டீக்கடையில்கூட. அதைத் தூக்கிப் போடு என்று அவளிடமும் ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

இப்படிக்கு,
முதல்முறையாக வாயை மூடிக்கொள்ளும் உங்கள் மச்சான்