நீ என்று நான் சொன்னது

இன்று காலை பேஸ்மென்றில் ஒரு பழைய பெட்டியைத் திறந்தபோது வீடியோ கசெற்றின் பிளாஸ்டிக் மணம் மூக்கில் ஏறியது. உறையில் உன் கோணல் எழுத்து. நீ ஒஷாவாவில் கண்ணை மூடி நாற்பது நாளாகிறது. எழுத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. தொண்ணூறுகளில் பிடித்த அதே பயம்.

அப்போது, இந்த நாட்டுக்கு வந்த புதிதில், வெக்ஸ்போர்ட்டில் ஒரே அறையில் இருந்தோம். என் அகதி வழக்குக்கு விசாரணைத் திகதி வந்திருந்தது. திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற நினைப்பில் சோறு இறங்காத காலம். நீயோ எஸ்பெராண்டோ படித்துக்கொண்டிருந்தாய். எந்த நாடும் சொந்தம் கொண்டாடாத மொழி என்பதாலேயே உனக்கு அதில் பைத்தியம். அந்த மொழியில் முழுநீளப் படங்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுக்குத்தான் வந்திருந்தன. அடுத்தது உன்னுடையதாம். எல்லையில் பிடிபடும் மனிதனாக என்னை நடிக்கச் சொன்னாய்.

"எனக்கு ஒரு சொல்லும் தெரியாதே," என்றேன்.

"முந்தின படங்களிலை நடிச்சவையும் பாடமாக்கித்தான் கதைச்சவை. வாற மாசம் ஒபிசருக்கு முன்னாலை நடுங்கப்போறாய்தானே, அதை இஞ்சையே நடுங்கி முடி மச்சான்."

வசனத்தைத் தமிழ் எழுத்தில் எழுதித் தந்தாய். யார் அங்கே என்று காவலன் கேட்பான். நான் 'மி' என்று சொல்ல வேண்டும். மி என்றால் நான். அவ்வளவுதான்.

பனி உறைந்த கார் தரிப்பிடம் ஒன்றில் படம் எடுத்தோம். காவலனாக வந்தவர் உன் எஸ்பெராண்டோ வகுப்பு வெள்ளைக்காரர். சாதுவான மனிதர், சற்று முன்தான் எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தவர். ஆனால் சீருடையோடு அவர் பொய்த் துவக்கை நீட்டியதும் எனக்கு ஊர்ச் சோதனைச்சாவடிதான் தெரிந்தது.

"கீயு எஸ்தாஸ் தீயே?"

'மி' மறந்துபோனது. கமராவுக்குப் பின்னால் நின்ற உன்னை நோக்கிக் கையை நீட்டி, "நீ..." என்றேன். நீ போ, நீ பதில் சொல்லு, என்னை விடச் சொல்லு. இதுதான் மனதில் இருந்தது. உன்னைப் பிடித்துக் கொடுத்தேன்.

அந்த மொழியில் 'நீ' என்றால் நாங்கள். வெள்ளைக்காரர் அப்படியே எடுத்துக்கொண்டு, மற்றவன் எங்கே என்று உறுமினார். கமரா ஓடிக்கொண்டிருக்க, நீ இரண்டு கைகளையும் உயர்த்தியபடி வந்து என் தோளோடு ஒட்டி நின்றாய்.

பஸ்ஸில் திரும்பும்போது, "அந்த 'நாங்கள்' நான் எழுதேல்லை. ஆனா நல்லாயிருக்கு, இருக்கட்டும்," என்றாய். விசாரணை நாளில் காலை முழுவதும் கதவுக்கு வெளியே வாங்கில் உட்கார்ந்து எனக்காகக் காத்திருந்தாய். வழக்கு வென்றது. படம் பாதியில் நின்றுபோனது; மிஞ்சியது இந்தக் கசெற்றுத்தான்.

நான் சொன்னது தமிழ் என்று உனக்கு விளங்காமலா இருந்திருக்கும்? உனக்கும் தாய்மொழி அதுதானே. இவ்வளவு காலமும் அதைக் கேட்கப் பயந்தேன். வெட்கமும்தான்.

இப்போதும் யாராவது கதவைப் பலமாகத் தட்டினால் அந்த 'நீ'தான் முதலில் வாயில் வருகிறது. சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன். வந்து பக்கத்தில் நிற்க ஆளில்லை.