பங்களா சீனை இனி யார் எழுதுவது?

என் கூடப்பிறக்காத தம்பி ரகுவுக்கு,

எங்க மலை ஊர் புதூர்நாட்டிலிருந்துதான் எழுதுகிறேன். புளி உலுக்குகிற சமயம் என்று வந்தேன். அம்மாவும் சித்தியும் வாசலில் உட்கார்ந்து புளி தட்டிக் கொட்டை எடுக்கிறார்கள், பேச்சும் சிரிப்புமாய் ஒரே ரகளை. "உன் தம்பி வரலியா?" என்று முந்தாநாள் சித்தி மறந்துபோய்க் கேட்டுவிட்டாள். அப்புறம் அவளே நாக்கைக் கடித்துக்கொண்டாள். நான் இன்னாடா சொல்றது?

முதல் தடவை உன்னை ஜீப்பில் கூட்டி வந்தது ஞாபகம் இருக்கிறதா? நம் சீரியலில் மலைக்கிராமம் வருகிறது, நேரில் பார்த்தே ஆக வேண்டும் என்று அடம்பிடித்தாய். நீ எழுதி வைத்திருந்த ஏழைத் தாய் காலையில் கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுந்து, ராத்திரி கண்ணைத் துடைத்துக்கொண்டே படுப்பாள். நடுவில் பங்களாக்காரர்களை நினைத்து ஏங்குவாள். இங்கே வந்து பார்த்தால் எங்கம்மா ரேஷன் கடைக்காரர் மாதிரி நடந்து காட்டி, தெருவையே சிரிக்க வைத்துக்கொண்டிருந்தாள்.

இவங்களுக்குக் கவலையே இல்லையா அக்கா என்று என் காதில் கேட்டாய். "இருக்குதுடா. அதுக்குன்னு நாள் பூரா பங்களாக்காரங்க உங்களையே நெனச்சிக்கினு இருப்பாங்களா?" என்றேன். மூஞ்சி தொங்கிப்போய்விட்டது உனக்கு. ஆனால் அந்தத் தாயை அன்றைக்கே கிழித்துப் போட்டாய்.

என் பங்களா மட்டும் என்ன வாழ்ந்தது? என் பணக்காரர்கள் பட்டுப்புடவையும் கோட்டுமாய் மாடிப்படி இறங்கிக்கொண்டே இருப்பார்கள். கையில் எப்போதும் ஜூஸ் கிளாஸ். கெட்டது நினைப்பதைத் தவிர ஒருத்தருக்கும் ஒரு வேலை கிடையாது. அதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாயே, பாவி. உங்கப்பா ஃபேனை நிறுத்தாமல் அறையை விட்டு வெளியே வரமாட்டார், உங்கம்மா பழைய துண்டைக் கிழித்துக் கரித்துணி ஆக்குவார் என்றெல்லாம் நீ சொன்னபோது, சும்மா அளக்கிறாய் என்றுதான் நினைத்தேன்.

அதற்கப்புறம் ஆபீசில் நம்மைப் பிரித்து வைத்துவிட்டார்கள். குடிசை சீன் எல்லாம் எனக்கு, பங்களா சீன் எல்லாம் உனக்கு. பிறந்த வீட்டை நெற்றியில் எழுதி ஒட்டிய மாதிரி. நாம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒருவர் எழுதியதை ஒருவர் திருத்தியது யாருக்குத் தெரியும்? என் ஏழைகளை நீ நம்பினாய், உன் பணக்காரர்களை நான் நம்ப ஆரம்பித்தேன். நான் சந்தோஷமாக எழுதிய காலம் அதுதான் ரகு.

இப்போது கதையில் பங்களாவின் பிள்ளை செத்துப் போகிறான். தாயின் துக்கத்தை எழுத வேண்டும். டைரக்டர் அதற்குப் புதிதாக ஒரு ஆளைப் பார்த்து வைத்திருக்கிறார். நான் எழுதுகிறேன் சார் என்றேன். "நீங்க மலைவீட்டைப் பாருங்கம்மா. பெரிய வீட்டு துக்கமெல்லாம் உங்களுக்குப் பிடிபடாது" என்றார். எனக்கா பிடிபடாது? சண்டை போட்டு, திங்கட்கிழமை எழுதிக் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். தாய் கதறி அழுதே ஆக வேண்டுமாம். இல்லையென்றால் பங்களா இனிமேல் புது ஆளுக்குத்தான்.

நான் பார்த்த தாய் உங்கம்மாதான். எங்க ஊரில் சாவு என்றால் அடுத்த ஊருக்குக் கேட்கும். உன்னைக் கிடத்தியிருந்த அன்று உங்கள் வீட்டில் ஒரு சத்தம் இல்லை. உங்கம்மா வந்தவர்களுக்கெல்லாம் காபி கொடுத்துக்கொண்டிருந்தார். இன்னா ஜனம் இது, பெத்த பிள்ளை நடுவீட்டில் கிடக்கிறான், டம்ளரை நீட்டுகிறார்களே என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே வாங்கினேன். ஒரே கசப்பு. பணக்கார வீடு, சர்க்கரை சேர்த்துக்க மாட்டார்கள் போல என்று நினைத்து முழுசையும் குடித்தேன். ஆனால் டம்ளரை நீட்டிய கை ஒரு நிமிஷம்கூட ஓயவில்லையே, அது மட்டும் மனசை விட்டுப் போகவே இல்லை.

அந்தக் கையைத்தான் எழுத நினைத்தேன். அவருடைய துக்கம், அவரைக் கேட்காமல் எடுக்கலாமா? நேற்று தண்ணீர்த் தொட்டி மேட்டுக்கு ஏறினேன், அங்கேதானே சிக்னல் கிடைக்கும். உங்கம்மாவுக்குப் போன் போட்டு, காபி கொடுத்ததை எழுதட்டுமா என்று கேட்டேன்.

எழுதும்மா என்றார். அப்புறம், "அன்னைக்கு நான் யாருக்குமே சர்க்கரை போடலை. சாயங்காலம் டப்பாவைத் திறந்தப்பதான் எனக்கே தெரிஞ்சுது. அத்தனை பேர் குடிச்சாங்க, ஒருத்தர்கூடச் சொல்லலை. நீயாவது சொல்லியிருக்கலாமேம்மா?" என்றார்.

"உங்க வூட்டுப் பழக்கம்னு நெனச்சிட்டேம்மா."

உங்கம்மா சிரித்துவிட்டார் ரகு. உன் சிரிப்பேதான், மூச்சு முட்டுகிற சிரிப்பு. அது பாதியில் உடைந்தது. என் ராசா, என் ராசா என்று எங்க ஊர்ப் பொம்பளை மாதிரியே குரலெடுத்து அழுதார். நானும் தொட்டி ஓரமாய் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். நீ போன நாளிலிருந்து அழாத அழுகை.

சீனை எழுதி முடித்துவிட்டேன். தாய் சர்க்கரை போட மறந்த காபியைக் கொடுக்கிறாள். வந்தவர்கள் ஒன்றும் சொல்லாமல் குடிக்கிறார்கள். மூலையில் மலையிலிருந்து வந்த ஒருத்தி, இவங்க வூட்டுப் பழக்கம் போல என்று நினைத்து முழுசையும் குடிக்கிறாள். டைரக்டர் தாயைக் கதறச் சொல்வார், அந்த மலைக்காரி எதற்கு, வெட்டு என்பார். வேலையே போனாலும் சரி, இரண்டு பேரையும் விட்டுத்தர மாட்டேன்டா. உன் மேல் சத்தியம்.

உன் மலையக்கா,
சாந்தி